வண்டி போன பின்னும் நிற்கும் ஓசை



உரிச்சொற்களைப் பற்றிக் கூறவந்த தொல்காப்பியர், அவை இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றன் அடியாகத் தோன்றுவன என்று வகுத்தார். இங்கு இசை என்பது ஓசை. ஓசையைச் சொல்லாக்கும் பழக்கம் தமிழுக்கு அவ்வளவு பழமையானது. சலசல, கலகல, படபட என்னும் இரட்டைக்கிளவிகள் பேச்சிலும் செய்யுளிலும் வழங்கிவருகின்றன. நீராவி வண்டி இந்நாட்டிற்கு வந்தபோது தமிழ்க் குழந்தைகள் அதற்கும் உடனே சொல் படைத்துக்கொண்டார்கள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, 'குப்குப்' என்றும் 'சிக்குபுக்கு' என்றும் தெருவில் ஓடினார்கள்.

ஆயினும் சொல் ஓசையைச் சுட்டுமே அன்றி ஓசை ஆகிவிடாது. சலசல என்ற சொல்லைக் கேட்டு ஓடையின் அகலத்தை அறிய இயலாது. குப்குப் என்ற சொல்லைக் கேட்டு அந்த எஞ்சின் மேடேறுகிறதா, சமவெளியில் ஓடுகிறதா, சுமை மிகுந்து திணறுகிறதா என்று சொல்ல இயலாது. உண்மையான ஓசையைக் கேட்ட செவிக்கு இவை அனைத்தும் தெரிந்திருந்தன. அந்த ஓசை உலகின் பெரும்பகுதியில் அடங்கிவிட்ட பின், அதைக் காக்க முயன்ற சிலரின் பணியைக் குறித்தும், அவர்கள் காத்தது எது, தவறவிட்டது எது என்பதைக் குறித்தும் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இங்கிலாந்தில் ஸ்டாக்டன் நகருக்கும் டார்லிங்டன் நகருக்கும் இடையே நீராவி இரயில் பாதை திறக்கப்பட்டது 1825இல். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877இல். இடைப்பட்ட 52 ஆண்டுகளில் ஓடிய எந்த எஞ்சினின் ஓசையும் இன்று எவருக்கும் கிடைக்காது. ஓவியர் டர்னர் 1844இல் மழையினூடே விரைந்துவரும் வண்டியை வரைந்து காட்டினார். எடிசன் தம் கருவியைக் கண்ட அதே 1877ஆம் ஆண்டில் பாரிசின் சென் லசார் நிலையத்தில் எழும் புகையை மோனே பல படங்களாகத் தீட்டினார். கண்ணுக்கு விருந்து கிடைத்தது. செவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எடிசனின் கருவி வந்த பின்னும் நிலைமை விரைவில் மாறவில்லை. தொடக்க காலக் கருவிகளில் கூம்பு போன்ற குழாய்க்கு எதிரே நின்று உரக்கப் பாடினால்தான் மெழுகில் கீறல் விழும். பின்னர் மின் ஒலிவாங்கி வந்தது. அதனுடன் வந்த எந்திரங்கள் எளிதில் இடம்விட்டு இடம் கொண்டுசெல்லத் தக்கவையாக இல்லை. ஒரு தனிமனிதர் தம் செலவில் கருவியை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் நள்ளிரவில் காத்திருந்து பதிவு செய்வது, இரண்டாம் உலகப்போருக்குப் பின் காந்த ஒலிநாடா பரவியபோதுதான் இயல்வதாயிற்று. அதே காலத்தில் நீராவி விடைபெறத் தொடங்கிவிட்டது. கருவி வந்துசேர்ந்ததற்கும் வண்டி மறைந்ததற்கும் இடையே மேலைநாடுகளில் இருந்த காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளே. இன்று கேட்கக் கிடைக்கும் நல்ல பதிவுகளுள் பெரும்பாலானவை அந்தக் குறுகிய இடைவெளியில் பிறந்தவை.

நீராவி எஞ்சினின் குரல் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சற்று அறிந்துகொண்டால் அப்பதிவுகளின் அருமை விளங்கும். கொதிகலனில் பிறந்த நீராவி உருளைக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. வேலை முடிந்த ஆவி வெறுமனே வெளியேறுவதில்லை. புகைபோக்கிக்கு நேர் கீழே அமைந்த குறுகிய குழாய் வழியே அது மேல்நோக்கிப் பீறிடுகிறது. அவ்வாறு பீறிடும்போது தன்னோடு புகையையும் இழுத்துச் செல்வதால், அடுப்பிற்குள் புதிய காற்று புகுந்து நெருப்பு கனல்கிறது. ஆகவே 'குப்' என்னும் ஒவ்வோர் ஓசையும் எஞ்சின் விடும் மூச்சு. அந்த மூச்சே அடுப்பை ஊதும் துருத்தி. கடினமாக உழைக்கும்போது மூச்சு வலுக்கிறது, மூச்சு வலுக்க நெருப்பு வளர்கிறது, நெருப்பு வளர ஆவி பெருகுகிறது. உழைப்பே உழைப்பிற்கு உணவளிக்கும் இந்த அமைப்பினால்தான், அதைக் கேட்டவர்கள் எஞ்சினை உயிருள்ள பொருளாக எண்ணினார்கள்.

பிஸ்டனின் இருபுறமும் ஆவி மாறி மாறிப் புகுவதால், இரண்டு உருளைகள் கொண்ட எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுழல நான்கு மூச்சு எழும். மூன்று உருளைகள் இருப்பின் ஆறு மூச்சு. தாள வேறுபாட்டைச் செவியாலேயே உணரலாம். வால்வுகளின் அமைப்பு சற்றுத் தேய்ந்து பிசகினால் ஒரு மூச்சு முந்தும், ஒரு மூச்சு நொண்டும். தேர்ந்த டிரைவரும் பணிமனைத் தொழிலாளியும் அந்த நொண்டலைக் கேட்டே பழுதின் இடத்தைக் கணித்தார்கள். இவற்றோடு தண்டவாள இணைப்புகளில் சக்கரம் விழும் ஒலி, சக்கரம் வழுக்கும்போது எழும் படபடப்பு, ஊதல், சரக்குப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் இரும்பொலி ஆகியனவும் சேர்கின்றன.

இந்தக் குரலைக் காக்க முற்பட்டவர்களுள் முதலில் கருதத்தக்கவர் பீட்டர் ஹேண்ட்ஃபோர்ட். 1919இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பிறந்த இவர், 1936இல் டென்ஹம் திரைப்பட நிலையத்தில் ஒலிப்பதிவுத் துறையில் சேர்ந்தார். போர்க்காலத்தில் இராணுவத் திரைப்படப் பிரிவில் பணியாற்றி, 1944இல் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கிய நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். பிற்காலத்தில் பல புகழ்பெற்ற திரைப்படங்களுக்கு ஒலிப்பதிவாளராக விளங்கி, 1985இல் வெளிவந்த 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' என்னும் படத்தின் ஒலிக்காக மற்ற மூவருடன் ஆஸ்கார் விருதும் பெற்றார். வயிற்றுப்பாட்டிற்குத் திரைப்படம்; மனநிறைவிற்குப் புகைவண்டி என்று அவர் வாழ்வு இரண்டு தண்டவாளங்களில் ஓடியது.

1950களில் அவர் 'டிரான்சகார்ட்' என்ற பெயரில் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்தி, புகைவண்டி ஓசைகளை இசைத்தட்டுகளாக வெளியிடத் தொடங்கினார். 1961 முதல் ஆர்கோ நிறுவனம் அவற்றை வெளியிட்டது. 'இரவில் இரயில்கள்', 'மலைகளில் இரயில்கள்' என்னும் பொருள்படும் தலைப்புகளில் அந்தத் தட்டுகள் வந்தன. பாட்டில்லை, வாத்தியமில்லை, வண்டியின் ஓசை மட்டுமே. அதற்கும் விலைகொடுத்து வாங்கிக் கேட்போர் இருந்தார்கள்.

ஏன் இருந்தார்கள் என்பதற்கு அக்கால நிகழ்ச்சிகளே விடை. 1948இல் பிரிட்டனின் இரயில்வேக்கள் அரசுடைமை ஆனபோது இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட நீராவி எஞ்சின்கள் இருந்தன. 1955இல் அறிவிக்கப்பட்ட நவீனமாக்கல் திட்டம் அவற்றை டீசலாலும் மின்சாரத்தாலும் மாற்றுவதென முடிவு செய்தது. 1960 மார்ச்சில் கடைசி நீராவி எஞ்சின் பணிமனையிலிருந்து வெளிவந்தது. அதற்கு 'மாலை விண்மீன்' என்னும் பொருளில் பெயரிட்டார்கள். 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து பல கிளைப் பாதைகள் மூடப்பட்டன. 1968 ஆகஸ்டு 11ஆம் நாள் கடைசிச் சிறப்பு வண்டி ஓடியது. இருபதாயிரம் என்ற எண் இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. இவ்வளவு பெரிய ஓசை இவ்வளவு விரைவில் ஒரு நாட்டைவிட்டு நீங்கியது அரிது.

இச்சூழலில் பதிவு செய்பவரின் வேலை எத்தகையது? அக்காலத்தில் 1200 அடி நீளமுள்ள ஒலிநாடாச் சுருள், நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடினால் 16 நிமிடங்களில் தீர்ந்துவிடும். சரக்கு வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. தொலைவில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது; அது வண்டியா, காற்றா? கருவியை இப்போதே முடுக்கினால், வண்டி நெருங்கும் முன் நாடா தீரலாம். காத்திருந்தால், வருகையின் முதல் மெல்லொலி போய்விடும். ஒலியின் அளவையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். தொலைவின் மென்மைக்கு ஏற்ப அமைத்தால் அருகில் ஊதல் கூவும்போது பதிவு சிதையும். அருகின் வன்மைக்கு ஏற்ப அமைத்தால் தொலைவு நாடாவின் இரைச்சலில் மூழ்கும். இடையில் ஒரு மோட்டார் வண்டி சாலையில் சென்றாலும், ஒரு விமானம் வானில் பறந்தாலும் அன்றைய இரவு வீண். நாளை மீண்டும் வரலாம் என்றால், நாளை டீசல் வரக்கூடும்.

பர்மிங்காமிற்குத் தெற்கே லிக்கி என்னுமிடத்தில் ஏறத்தாழ இரண்டு மைல் தூரம் இரயில் பாதை 38 அடிக்கு ஓரடி என்ற அளவில் உயர்கிறது. அங்கே வண்டிக்குப் பின்னால் வேறு எஞ்சின்கள் நின்று தள்ளிக்கொடுப்பது வழக்கம். அடிவாரத்தில் முன்னிருக்கும் எஞ்சின் ஊதும். பின்னிருப்பவை மறுமொழி ஊதும். பிறகு முன் எஞ்சினின் மூச்சும் பின் எஞ்சின்களின் மூச்சும் தொடங்கும். இரு தாளங்களும் ஒன்றுபோல் தோன்றி, சற்றே விலகி, மீண்டும் கூடி, மறுபடி விலகும். இத்தகைய ஏற்றங்களைக் கேட்பவருக்கு, எஞ்சின் கண்ணில் படாமலே மலையின் உருவம் மனத்தில் எழுகிறது.

ஹேண்ட்ஃபோர்டின் பதிவுகளுக்குச் சிறப்புத் தருவது அவர் காட்டிய அடக்கம். வண்டி கடந்தவுடன் அவர் கருவியை நிறுத்திவிடுவதில்லை. ஓசை தேய்ந்து தேய்ந்து மறையும்வரை நாடாவை ஓடவிடுகிறார். எஞ்சினின் முழக்கத்தைவிட அந்தத் தேய்வில்தான் ஊரின் இயல்பு தெரிகிறது. வண்டியின் பெருமையை மட்டும் விரும்பியிருந்தால் ஒலிவாங்கியைத் தண்டவாளத்தின் ஓரத்தில் வைத்திருந்தால் போதும். அவர் விரும்பியது வண்டியும் நிலமும் ஒன்றாகக் கலந்த ஒலி. முதற்பொருளும் கருப்பொருளும் இன்றித் தலைவனும் தலைவியும் இல்லை என்பதை அகப்பாட்டில் பயின்ற தமிழருக்கு இது எளிதில் விளங்கும். தம் அனுபவத்தை 1980இல் அவர் ஒரு நூலாகவும் வெளியிட்டார். 2007இல் மறைந்தார்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், இதே காலத்தில் வேறொருவர் வேறொரு வழியில் இதே பணியைச் செய்தார். 1914இல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் பிறந்த ஓ. வின்ஸ்டன் லிங்க், பொறியியல் படித்து, வணிகப் புகைப்படக் கலைஞராகத் தொழில் செய்தவர். அமெரிக்கப் பெரும் இரயில்வேக்களுள் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் நிறுவனம்தான் நீராவியைக் கடைசிவரை முழுமையாகப் பற்றியிருந்தது. அது நிலக்கரிச் சுரங்க நாட்டில் ஓடிய பாதை. நிலக்கரியைச் சுமந்து பிழைத்த நிறுவனம் நிலக்கரியையே எரித்தது. அங்கும் 1960இல் நீராவி முடிவுக்கு வந்தது. அதற்கு முந்திய ஐந்தாண்டுகள், 1955 ஜனவரியில் தொடங்கி, லிங்க் தம் சொந்தச் செலவில் வர்ஜீனியாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் இரவுதோறும் எஞ்சின்களைப் படம்பிடித்தார். கதிரவனைத் தம் விருப்பத்திற்கு நகர்த்த இயலாது என்பதால் இரவைத் தேர்ந்தார். பல மின்வெட்டு விளக்குகளைக் கம்பிகளால் இணைத்து, வண்டி வரும் நொடியில் ஒருசேர எரியவைத்து, இருளுக்குள்ளிருந்து எஞ்சினை வெளிக்கொணர்ந்தார்.

அவர் ஒலிப்பதிவும் செய்தார். 'நீராவி இரயில் ஓசைகள்' என்னும் பொருளில் அமைந்த அவரது இசைத்தட்டு வரிசை 1957இல் தொடங்கியது. அவற்றுள் ஒரு பதிவு தனித்துப் பேசத்தக்கது. 1957 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. வர்ஜீனியாவில் ரூரல் ரிட்ரீட் என்னும் சிற்றூர். தேவாலயத்தின் மணிக்கருவியில் கிறிஸ்துமஸ் பாடல்கள் ஒலிக்கின்றன. தொலைவில் பெலிக்கன் என்னும் பயணிகள் வண்டி வருகிறது, நிற்கிறது, மணிகளின் ஓசையினிடையே மீண்டும் புறப்பட்டுச் செல்கிறது. நீராவிக்கு அந்த ஊரில் நாள் எண்ணப்பட்டுவிட்டது என்று அறிந்தவரின் செவிக்கு அது வாழ்த்தாகவும் இரங்கலாகவும் படும்.

இங்கே ஒரு வினா எழுகிறது. லிங்க் தம் படங்களை ஒரு நாடக இயக்குநரைப் போல அமைத்தவர். மனிதர்களை இன்ன இடத்தில் நிற்கச்செய்து, இன்ன சன்னலில் விளக்கேற்றச்செய்து, வண்டிக்காகக் காத்தார். ரூரல் ரிட்ரீட்டின் மணியோசையும் அவ்வண்ணம் ஏற்பாடு செய்யப்பட்டதே. அப்படியானால் அது உண்மையா, புனைவா? மணி உண்மை, வண்டி உண்மை, இரவு உண்மை. அவை கூடிய விதம் மட்டுமே ஒருவர் செய்த ஏற்பாடு. இலக்கியம் பயின்றவர்கள் இதைக் குற்றமாகக் கருதார். ஆயினும் வேறுபாட்டை மறந்துவிடலாகாது. ஹேண்ட்ஃபோர்ட் காத்திருந்து பெற்றதை, லிங்க் வரவழைத்துப் பெற்றார். முன்னவர் சாட்சி, பின்னவர் கவிஞர். மறைந்துபோகும் ஒன்றிற்கு இருவருமே தேவை.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. பிரெஞ்சு வானொலியில் பொறியாளராயிருந்த பியர் ஷேஃபர், 1948இல் பாரிசின் பத்திஞோல் நிலையத்தில் எஞ்சின்களின் ஓசைகளைப் பதிவு செய்தார். அவற்றைத் தட்டுகளில் வெட்டியும் திரும்பத் திரும்பச் சுழலவிட்டும் மூன்று நிமிடத்திற்கும் குறைந்த ஓர் இசைப்படைப்பை ஆக்கினார். அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் அது ஒலிபரப்பாயிற்று. இன்று உலகெங்கும் மின்னணு இசையின் வரலாற்றை எழுதுவோர் அதை ஒரு தொடக்கமாகக் குறிப்பிடுகின்றனர். ஷேஃபருக்கு வண்டியைக் காக்கும் எண்ணம் இல்லை. இது எஞ்சின் என்று கேட்பவர் மறந்து, ஓசையை ஓசையாகவே கேட்க வேண்டும் என்பது அவர் நோக்கம். வண்டியை மறக்கச் செய்வதற்காக எடுத்த பதிவே, இன்று அந்த நிலையத்தின் எஞ்சின்களுக்கு ஒரு நினைவாகவும் நிற்பது வியப்பிற்குரியது.

இம்மூவரின் பணியையும் போற்றிய பின், ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகளில் எஞ்சின் மூச்சு விடுகிறது. அந்த அடுப்பில் நிலக்கரியை அள்ளிப்போட்ட ஃபயர்மேனின் மூச்சு எங்கே? முகத்தில் அனலும் முதுகில் பனிக்காற்றும் படத் தொழில் செய்தவர்கள் அவர்கள். விடியுமுன் எழுந்து பணிமனைக்கு வந்து, நேற்றைய சாம்பலை வாரி, குழாய்களைத் துடைத்து, புகையைச் சுவாசித்து வாழ்ந்தவர்கள். டீசல் வந்தபோது ஃபயர்மேன் என்னும் தொழிலே இல்லாமற்போயிற்று. ஆர்வலர்கள் எஞ்சினுக்காக வருந்தினார்கள். தொழிலாளிகளுள் பலர் அழுக்கும் சூடும் தீர்ந்ததற்காக மகிழ்ந்துமிருக்கக்கூடும். ஒலிவாங்கி எஞ்சினை நோக்கித் திரும்பியிருந்ததால், அவர்கள் சொல்லவேண்டியிருந்ததில் பெரும்பகுதி பதிவாகவில்லை.

விதிவிலக்காக ஒரு படைப்பு உண்டு. 1957 பிப்ரவரி 9ஆம் நாள், ஜான் ஆக்சன் என்னும் டிரைவர் பக்ஸ்டன் நகரிலிருந்து ஒரு சரக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். மேட்டின் உச்சியை நெருங்கும்போது, பிரேக்கிற்கு ஆவி செல்லும் குழாய் உடைந்தது. கொதிக்கும் ஆவி ஓட்டுநர் அறையை நிறைத்தது. பிரேக் செயலிழந்தது. ஆக்சன் தம் ஃபயர்மேனைக் குதித்துச் சென்று பெட்டிகளின் கைப்பிரேக்குகளை அழுத்தும்படி அனுப்பினார். தாம் குதிக்கவில்லை. வண்டி உச்சியைக் கடந்து சரிவில் விரைந்தபோது, அறையின் வெளிப்புறத்தைப் பற்றித் தொங்கியவாறு, வழியிலிருந்த கைகாட்டி அறைப் பணியாளருக்குக் கையசைத்து எச்சரித்தார். சேப்பல்-என்-லி-ஃபிரித் நிலையத்தருகே முன்னே சென்ற சரக்கு வண்டியின் மீது அவருடைய வண்டி மோதியது. ஆக்சனும் முன் வண்டியின் கார்டும் உயிரிழந்தனர். ஆக்சனுக்கு மறைவிற்குப்பின் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

பி.பி.சி. வானொலியின் சார்லஸ் பார்க்கரும், நாட்டுப்புறப் பாடகர் இவான் மக்கோலும் இந்நிகழ்ச்சியைக் கதைப்பாடலாக்க விழைந்தார்கள். கையடக்க ஒலிநாடாக் கருவியுடன் சென்று, ஆக்சனோடு பணியாற்றியவர்களையும் அவர் மனைவியையும் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். அக்கால வழக்கப்படி, அப்பேச்சு நடிகர்களுக்கான வசனத்திற்கு மூலமாக மட்டும் பயன்படவேண்டியது. பதிவைக் கேட்டபோது, எந்த நடிகரும் இவ்வாறு பேச இயலாது என்று அவர்களுக்குத் தோன்றியது. தொழிலாளிகளின் சொந்தக் குரலையே பாடலோடும் எஞ்சின் ஓசையோடும் இணைத்தார்கள். பெக்கி சீகர் இசையமைப்பில் துணைநின்றார். 1958 ஜூலை 2ஆம் நாள் ஒலிபரப்பான 'ஜான் ஆக்சன் கதைப்பாடல்' அதன்பின் வந்த பல வானொலிக் கதைப்பாடல்களுக்கு வழிகாட்டியாயிற்று. கொச்சை என்று ஒதுக்கப்பட்ட பேச்சு, அன்று முதன்முறையாக எஞ்சின் ஓசைக்கு நிகராக ஒலித்தது. கட்டபொம்மனையும் தேசிங்குராஜனையும் கதைப்பாடலில் கேட்டு வளர்ந்த மண்ணுக்கு, ஓர் இரயில் தொழிலாளி கதைப்பாடலின் தலைவனாவதன் பொருள் சொல்லாமலே புரியும்.

வண்டியின் ஓசை எல்லாருக்கும் இனிய நினைவைத் தருவதன்று என்பதையும் கருத வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக், 1939 முதல் 1942 வரை, தம் சிறுவயதில், பிரிந்து வாழ்ந்த தாய்தந்தையரைக் காண நியூயார்க்கிற்கும் லாஸ் ஏஞ்சல்சுக்கும் இடையே இரயிலில் பலமுறை பயணம் செய்தவர். யூதரான தாம் அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் பிறந்திருந்தால் வேறு வகையான இரயிலில் ஏற்றப்பட்டிருப்போம் என்ற எண்ணம் பின்னாளில் அவரை உறுத்தியது. 1988இல் அவர் ஆக்கிய 'வெவ்வேறு இரயில்கள்' என்னும் படைப்பில், நால்வர் வாசிக்கும் நரம்பிசையோடு பழைய அமெரிக்க, ஐரோப்பிய வண்டிகளின் ஊதல் பதிவுகளும், இரயிலில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவரின் குரலும், வதைமுகாம்களிலிருந்து உயிர் மீண்டவர்களின் குரல்களும் ஒலிக்கின்றன. ஓசை ஒன்றே, கேட்ட செவிக்கேற்ப அது தாலாட்டாகிறது, அல்லது அச்சமாகிறது. பழமையைப் போற்றுவோர் இந்த உண்மையை மறந்தால், போற்றுதல் வெறும் இனிப்பாகிவிடும்.

இந்தியாவில் நீராவி மேலும் சில பத்தாண்டுகள் நீடித்தது. அகலப்பாதையில் வழக்கமான நீராவி வண்டி 1995 டிசம்பரில் முடிவுற்றது. ஆயினும் தமிழ்நாட்டின் ஒரு மூலையில் அக்குரல் அடங்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலைப்பாதையில், கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் உண்டு. ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் அந்த ஏற்றத்திற்கென்றே நான்கு உருளைகளோடு எஞ்சின்கள் அமைக்கப்பட்டன. இரண்டு உருளைகள் சக்கரத்தைச் சுழற்ற, அவற்றில் பாதி வேலை செய்த ஆவி மற்ற இரண்டிற்குள் புகுந்து பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. 2005இல் இப்பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. புகைப்படம் எடுப்போர் அங்கே திரளாக உள்ளனர். படக்கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கண்மூடிக் கேட்போர், கேட்டதைப் பதிவு செய்வோர், அந்த எஞ்சினைப் பேணும் தொழிலாளிகளிடம் பேசி அவர்கள் சொற்களைத் தொகுப்போர் எத்தனை பேர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பதிவு செய்துவிட்டால் காத்துவிட்டதாகவும் பொருளில்லை. 1950களின் ஒலிநாடாக்களுள் பல அசிட்டேட் என்னும் பொருளின் மீது பூசப்பட்டவை. ஆண்டுகள் செல்ல அது சிதைந்து, புளிக்காடியின் நெடி வீசத் தொடங்கும். நாடா சுருங்கி நொறுங்கும். பிற்கால நாடாக்கள் சிலவற்றில் பூச்சைப் பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, இயக்கும்போதே உதிர்ந்துவிடும். ஓலைச்சுவடியைச் செல்லரித்ததைப் போன்றதே இதுவும். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் இருந்ததால்தான் பழந்தமிழ் நூல்கள் பிழைத்தன. ஒலிநாடாவையும் காலந்தோறும் புதிய ஊடகத்திற்குப் பெயர்த்தெழுதுவோர் தேவைப்படுகின்றனர். காப்பது என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயல் ஆகாது. தலைமுறைதோறும் புதுப்பிக்கவேண்டிய கடமை.

ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் புகைவண்டியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று எவரேனும் எண்ணியிருக்கக்கூடும். ஹேண்ட்ஃபோர்டும் லிங்க்கும் வெற்றிபெற்றதற்குக் காரணம், அனைவரும் அன்றாடம் கேட்டுக்கொண்டிருந்த ஓசையை, அது அன்றாடமாக இருந்த காலத்திலேயே அருமையானது என்று உணர்ந்தமைதான். அவர்களது காலத்தில் பலருக்கு அது வெறும் இரைச்சல். துவைத்துக் காயப்போட்ட துணியைக் கரியாக்கும் தொல்லை. இன்று தமிழ்நாட்டுத் தெருவில் அன்றாடமாக ஒலிப்பது எது? தறியின் ஓசை, ஏற்றக்காரர் பாடிய பாட்டு, ஒப்பாரி, வட்டாரத்திற்கு வட்டாரம் மாறும் பேச்சின் இழுப்பு இவற்றுள் சில ஏற்கெனவே தேய்ந்துவிட்டன. எஞ்சியவற்றைக் கேட்பதற்கு அதிக காலமில்லை.

இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் படிக்கப்பட்ட கட்டுரைகள் அச்சில் தங்கும். அவற்றைப் படித்தவர்களின் குரல், இடையில் எழுந்த வினா, மூத்த உறுப்பினர் ஒருவர் செய்யுளைச் சொல்லும்போது சீருக்குச் சீர் நிறுத்திய அழகு ஆகியன அச்சில் ஏறா. அடுத்த பத்தாண்டில் ஒரு கருவியைக் கூட்டத்தின் நடுவே வைத்துவிட்டால் போதும். அதற்கு இன்று பெருஞ்செலவும் இல்லை. பேசுவோரின் குரலோடு, சன்னலுக்கு வெளியே கூவும் காகத்தின் குரலும், தேநீர்க் குவளைகள் மோதும் ஒலியும் சேர்ந்து பதியட்டும். கூட்டம் முடிந்தவுடன் கருவியை நிறுத்திவிட வேண்டாம். கடைசி உறுப்பினர் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தும்வரை அது ஓடிக்கொண்டிருக்கட்டும்.